கண்டனீங்களோ?

2024 ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் பின்னேரம் நான் "அவுட்" என்று சொன்ன ஒரு பந்து எனக்குள் இன்னும் விழுந்து முடியவில்லை. பதினாறு வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகளின் அரையிறுதி. பார்க்க வந்தவர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம். வெல்பவருக்கு ஒரு கிண்ணமும் சான்றிதழும், அவ்வளவுதான். அந்த ஆட்டத்தை இன்று நினைவில் வைத்திருப்பவர்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். ஆனாலும் இரவில் ஃபேன் சத்தத்துக்குள் படுத்திருக்கும்போது அந்தப் பந்து திரும்பவும் வருகிறது. வலையைக் கடக்கிறது. எனக்கு எதிர்ப்பக்கத்துப் பக்கக்கோட்டை நோக்கிச் சாய்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. எத்தனை தரம் நினைத்தாலும் அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

இதை எழுதுவதா விடுவதா என்று ஒரு வருடத்துக்கு மேல் யோசித்தேன். டெனிஸ் நடுவர் வேலையைப் பற்றி யாழ்ப்பாணத்தில் இருந்து எழுத என்ன இருக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கு நிறைய இருக்கிறது.

கதிரை

எங்கள் பள்ளிக்கூடக் காலத்தில் கிடைத்தது கிரிக்கெட்டும் உதைபந்தும்தான். டெனிஸ் என்பது கச்சேரி உத்தியோகத்தர்மாரும் டொக்டர்மாரும் வெள்ளைக் காற்சட்டையோடு விளையாடுகிற ஒன்று என்று அப்பா சொல்லுவார். 'ரெனிஸ்' என்பார் அவர். எனக்கு அது முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு வந்தது, மகனைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போன பின்னேரங்களில். மகன் ஒரு வருடத்தில் விட்டுவிட்டான். நான் போய்க்கொண்டே இருந்தேன். மதிலோரத்து வேப்பமரத்துக்குக் கீழே ஒரு வாங்கு. அதில் இருந்து பந்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் பயிற்றுநர் ஐயா பக்கத்தில் வந்து இருந்தார். "தம்பி, நானும் கனநாளாப் பாக்கிறன். இஞ்சை வாற எல்லாரும் தங்கட பிள்ளையைத்தான் பாக்கினம். நீர் பந்தைப் பாக்கிறீர். விளையாட ஆள் இருக்கு, உந்தக் கதிரையிலை ஏறத்தான் ஆள் இல்லை" என்றார்.

அந்தக் கதிரை வெல்டிங் கடையில் இரும்புக் குழாய் ஒட்டிச் செய்தது. ஏழடி உயரம். ஆறடிக்கும் எட்டடிக்கும் இடையில் இருக்கவேண்டும், வலைக்கம்பத்திலிருந்து ஏறத்தாழ மூன்றடி தள்ளி, வலையின் நேர்கோட்டில் வைக்கவேண்டும் என்பது சர்வதேச டெனிஸ் சம்மேளனத்தின் அறிவுறுத்தல். முதல்நாள் ஏறி இருந்தபோது எனக்குத் தலைசுற்றவில்லை, வேறொன்று நடந்தது. வாங்கில் இருந்து பார்த்தால் ஆட்டம் இரண்டு பிள்ளைகளுக்கு இடையிலான சண்டை. மேலே இருந்து பார்த்தால் அது கோடுகளுக்கும் ஒரு பந்துக்கும் இடையிலான விடயம். 23.77 மீற்றர் நீளம், ஒற்றையருக்கு 8.23 மீற்றர் அகலம். பக்கக்கோடு ஆகக்கூடியது ஐந்து சென்ரிமீற்றர். பந்தின் குறுக்களவு ஆறரையிலிருந்து ஏழுக்குள். கோட்டின் வெளி விளிம்பை மயிரிழை தொட்டாலும் பந்து நல்லது. எங்கள் ஊரில் வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காகத் தகப்பன் தொடங்கிய வழக்கைப் பேரன் நடத்துகிறான். அப்படிப்பட்ட மண்ணில் பிறந்தவனுக்கு ஒரு கோட்டின் பெறுமதியை ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை.

நடுவர் இல்லாத ஆட்டங்கள்தான் எங்களிடம் அதிகம். அவற்றில் அவரவர் பக்கத்துக் கோட்டை அவரவரே சொல்லவேண்டும். சந்தேகம் வந்தால் பந்து நல்லது, அதாவது எதிராளிக்குச் சாதகம். பிழையாக அவுட் சொல்லிவிட்டுப் பிறகு நல்லது என்று ஒருவர் ஒத்துக்கொண்டால், எதிராளி அடித்தது வெல்கிற அடியாக இல்லாத பட்சத்தில், முதல் தரம் அந்தப் புள்ளியைத் திரும்ப ஆடலாம். அடுத்த தரம் அப்படிச் செய்தால் புள்ளி போய்விடும். படிக்கப் படிக்க மனிதரை எவ்வளவு நம்பி எழுதிய விதிகள் என்று தோன்றும். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, பின்னால் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு தகப்பன் நிற்க, தனக்கு எதிரான பந்தை 'நல்லது' என்று சொல்லவேண்டும். அந்தப் பாரத்தை அதன் தலையில் வைப்பது சரியில்லை என்றுதான் நான் கதிரையில் ஏறச் சம்மதித்தேன். இன்றும் அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

பிறகு கொழும்பில் இரண்டு நாள் வகுப்பு. இரவு பஸ்ஸில் போய், கண்ணெரிவோடு முன்வரிசையில் இருந்தேன். முதலில் வாய், பிறகு கை என்று படிப்பித்தார்கள். 'அவுட்' என்ற சத்தம் போன பிறகுதான் கை நீளவேண்டும். பந்து நல்லதென்றால் சத்தமே இல்லை. மௌனம் சம்மதம் என்று நாங்கள் சொல்லுவதுபோல. நெருக்கமாக விழுந்த பந்தென்றால் மட்டும், கீழே நின்று தன் கோட்டைப் பார்க்கிற கோட்டு நடுவர் இரண்டு கைகளையும் தாழ்த்தி, உள்ளங்கை நிலம் பார்க்கப் பிடிப்பார். புள்ளி முடிந்தவுடன் தோற்றவரைப் பார், வென்றவரைப் பிறகு பார்க்கலாம், ஏனென்றால் பிரச்சினை தோற்றவரிடமிருந்துதான் வரும். புள்ளிகளுக்கிடையில் 25 விநாடி. பக்கம் மாறும்போது 90. புள்ளி அட்டையில் எதிராளி தொடமுடியாத சேர்வ், ஏஸ், என்றால் 'ஏ', இரண்டு சேர்வும் பிழைத்த இரட்டை ஃபோல்ட் என்றால் 'டி', முதல் சேர்வ் பிழைத்தால் சேர்வ் செய்பவரின் கட்டத்துக்குள் ஒரு சின்னக் குத்து. வலையின் நடு உயரம் மூன்றடி. அளவுகோல் கையில் இல்லாவிட்டால் ஒரு ரக்கெட்டை நிமிர்த்தி வைத்து அதன்மேல் இன்னொரு ரக்கெட்டின் தலையைக் குறுக்கே வைத்துப் பார்க்கலாம்.

இன்னுமொரு சைகையும் படிப்பித்தார்கள். கோட்டு நடுவருக்கு ஆட்டக்காரர் மறைத்துவிட்டார், பந்து விழுந்ததைப் பார்க்க முடியவில்லை என்றால், இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால், கண்ணுக்குச் சற்றுக் கீழே, புறங்கை வெளியே தெரியப் பிடிக்கவேண்டும். 'நான் காணவில்லை' என்பதற்கு ஒரு சைகை. வகுப்பில் இருந்தவர்கள் ஒளித்துப் பிடித்து விளையாடும் பிள்ளைகள்போலச் சிரித்துக்கொண்டு செய்து பார்த்தார்கள். என் கைகள் எழும்பவில்லை. அன்று அதை நான் களைப்பு என்றே நினைத்தேன்.

ஆற்றை பிள்ளை

நடுவர் யாருக்கும் உறவாக இருக்கக்கூடாது, இருந்தால் முன்கூட்டியே சொல்லவேண்டும் என்பது ஒழுக்கக் கோவை. யாழ்ப்பாணத்தில் இதை எப்படிக் கடைப்பிடிப்பது? நான் ரியூட்டரியில் கணிதம் படிப்பிக்கிறவன். ஆட வருகிற பிள்ளைகளில் பாதி என்னிடம் படித்தது, மற்றப் பாதியின் தாயோ தகப்பனோ என்னோடு படித்தது. ஒருவருக்குச் சேர், இன்னொருவருக்கு அண்ணை, மற்றவருக்குச் சித்தப்பா. எந்த ஊர், ஆற்றை பிள்ளை என்ற இரண்டு கேள்விக்குள் எவரையும் ஒரு பெட்டியில் போட்டு மூடிவிடுகிற ஊர் இது. அந்தக் கேள்விகளின் அடியில் என்ன தேடப்படுகிறது என்பது இதை வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

அதனால்தான் எனக்கு அந்த ஏழடி உயரம் அவ்வளவு பிடித்துப்போனது. அங்கே ஏறினால் நான் ஆற்றை ஆளும் இல்லை. கீழே நிற்கிற இரண்டு பிள்ளைகளும் ஆற்றை பிள்ளைகளும் இல்லை. ஒருவர் சேர்வ் செய்பவர், ஒருவர் எதிர்கொள்பவர். ஆரம்பத்தில் நாணயம் சுண்டும்போது என் கையில் இருக்கிற ஐந்து ரூபாய்க்கு எவரின் ஊரும் தெரியாது. கண்டதைச் சொல்லு, காண்பதை மட்டும் சொல்லு. வேறொரு கடமையும் இல்லை. நாற்பது வயதில் இப்படி ஒரு வேலை கிடைத்ததை நான் ஒரு விடுதலையாகவே உணர்ந்தேன். மிகைப்படுத்தவில்லை. சனிக்கிழமைகளில் உரும்பிராயிலிருந்து மோட்டார் சைக்கிளில் போகும்போது, சப்பாத்தில் ஒட்டியிருக்கிற எங்கள் வீட்டுச் செம்மண்ணைக் கோர்ட் வாசலில் தட்டிவிட்டு உள்ளே போவேன். அதற்குள் ஒரு வழிபாட்டு உணர்ச்சி இருந்தது.

ஒரு விநாடி

அந்தச் சனிக்கிழமை சோழகம் கடுமையாக வீசியது. ஆடியில் எப்படியும் வீசும். வேப்பஞ்சருகு கோர்ட்டுக்குள் உருண்டுகொண்டிருந்தது, இரண்டு தரம் ஆட்டத்தை நிறுத்திக் கூட்டவேண்டி வந்தது. கோட்டு நடுவர்கள் இல்லை. நான் ஒருவன்தான், எல்லாக் கோடும் எனக்கு. ஒரு பிள்ளை நீலத் தொப்பி. மற்றது இரட்டைப் பின்னல். இருவரையும் எனக்குத் தெரியாது, அன்று அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆளுக்கொரு செட். மூன்றாவதில் 4–5, பின்தங்கி நிற்கிற பின்னல் பிள்ளை வலப்பக்கத்திலிருந்து சேர்வ் செய்கிறது. முப்பதுக்கு முப்பது, தேர்ட்டி ஓல்.

முதல் சேர்வ் வலையில் போனது. அட்டையில் குத்து வைத்தேன். இரண்டாவது சேர்வ் விழுந்தது, ஆட்டம் நீண்டது. பத்து அடிக்கு மேல் போயிருக்கும். நீலத் தொப்பி பின்கோட்டின் மூலைக்குள் தள்ளியது, பின்னல் பிள்ளை எட்டி ஓடி, உடம்பு முழுவதையும் திருப்பி, கோட்டோரமாக நேராக அடித்தது. துணிந்த அடி. பந்து வலையைக் கடந்தபோது காற்று என் அட்டையின் கீழ்நுனியைத் தூக்கியது. அட்டையை மேலே மட்டும்தான் கிளிப் பிடித்திருந்தது. இடது கையால் அழுத்தினேன். கையோடு கண்ணும் கீழே போனது.

ஒரு விநாடியும் இருக்காது. பந்து நிலத்தில் பட்ட சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது அது இரண்டாவது தரம் குதித்துக் கம்பிவலைக்குப் போய்க்கொண்டிருந்தது. நீலத் தொப்பி நின்ற இடத்திலேயே நின்றது. ரக்கெட்டைத் தாழ்த்தியிருந்தது. அந்தப் பிள்ளை கை காட்டவில்லை, வாய் திறக்கவில்லை, என்னை நிமிர்ந்து பார்த்தது மட்டும்தான். அந்த முகத்தில் ஒரு தளர்வு இருந்தது, தப்பினேன் என்பதுபோல. நான் அந்த முகத்தை வாசித்தேன். பந்தைப் பார்க்கிறவன் என்று ஐயா சொன்ன நான், மற்ற எல்லோரையும்போலப் பிள்ளையைப் பார்த்தேன்.

"அவுட்."

பிறகு கை போனது. முதலில் வாய், பிறகு கை. முறைப்படி எல்லாம் சரி. குரலும் நன்றாக இருந்தது. தேர்ட்டி–ஃபோர்ட்டி. அடுத்த புள்ளியில் பின்னல் பிள்ளை ஒரு இலகுவான பந்தை வலைக்குள் அடித்தது, ஆட்டம் முடிந்தது.

சீமெந்துத் தரை. களிமண் தரையென்றால் இறங்கிப் போய்த் தடத்தைப் பார்க்கலாம், அதற்கு விதியிலே இடம் உண்டு. எங்கள் உரும்பிராய்த் தோட்டத்தில் விழுந்திருந்தால் பந்தின் முழு வட்டமும் மண்ணில் கிடந்திருக்கும். சீமெந்து ஒன்றையும் வைத்திருப்பதில்லை.

கதிரையிலிருந்து இறங்கி அட்டையில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தபோது பின்னல் பிள்ளை வந்தது. கோபமில்லை. தண்ணீர்ப் போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது.

"சேர், அந்த தேர்ட்டி ஓல் பந்து... நீங்கள் கண்டனீங்களோ?"

"ஓம் பிள்ளை, கண்டனான். அவுட்."

"எவ்வளவு, சேர்?"

நான் கையை உயர்த்தி நான்கு விரலைச் சேர்த்துக் காட்டினேன். "இவ்வளவு."

"சரி சேர். எனக்கு அங்காலை நிண்டு தெரியேல்லை. நீங்கள் கண்டால் சரி."

அந்தப் பிள்ளை போய்விட்டது. என் நான்கு விரலும் அங்கேயே நின்றன.

காணேல்லை

அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. ஒரு புள்ளிதானே, அதோடு ஆட்டம் முடியவும் இல்லையே, அடுத்த பந்தை அந்தப் பிள்ளை தானே வலைக்குள் அடித்தது என்று மனைவி சொன்னா. அவ சொன்னதெல்லாம் உண்மை. பிழையாகச் சொன்ன பந்து நடுவர்களின் வாழ்க்கையில் சாதாரணம். 2004 அமெரிக்க ஓப்பன் காலிறுதியில், கோட்டுக்குள் தெளிவாக விழுந்த செரீனா வில்லியம்ஸின் பந்தைக் கோட்டு நடுவரையும் மீறி நடுவர் அவுட் என்றார். உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அடுத்த இரண்டு வருடத்துக்குள் கமராத் தொழில்நுட்பம் போட்டிகளுக்குள் வந்ததற்கு அந்த ஆட்டம் பெரிய காரணம். ஆனால் அந்த நடுவர் தான் கண்டதாக நம்பியதைச் சொன்னார். நான் காணவேயில்லை. கண்ணின் பிழை வேறு, வாயின் பிழை வேறு.

விதிப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த விதிதான், வகுப்பில் பரீட்சைக்கே எழுதினேன். கோட்டு நடுவர் இல்லாத இடத்தில், நடந்தது என்ன என்று நடுவரால் முடிவெடுக்க இயலாவிட்டால் அந்தப் புள்ளி திரும்ப ஆடப்படும். ஒரு வசனம். நடுவர் காணாமல் விடுவார் என்று தெரிந்தே, அதற்கொரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். "நான் காணவில்லை, திரும்ப ஆடுங்கள்" என்று சொல்லியிருந்தால் போதும். வெட்கமும் இல்லை, குற்றமும் இல்லை. ஏன் என் வாய்க்கு அது வரவில்லை?

இதற்கு மறுமொழி தேடி நான் கனதூரம் போகவேண்டியிருக்கவில்லை. அது எப்போதும் பக்கத்து ஒழுங்கையிலேயே இருந்தது.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போனவர்கள், அடுத்த வருடம் வலிகாமத்துக்குத் திரும்பினோம். எனக்குப் பதின்மூன்று வயது. 1996இல் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கானோர் காணாமல் ஆக்கப்பட்டது பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த நாட்களில் அப்பா எனக்கு ஒரே ஒரு பாடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பித்தார். "ஆர் கேட்டாலும் காணேல்லை எண்டு சொல்லு. கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை." அது கோழைத்தனம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்தச் சொல்தான் என்னை உயிரோடு வைத்திருந்திருக்கலாம்.

ஒருநாள் காலை ரியூசனுக்குப் போகும்போது ஒழுங்கை முகப்பில் ஒரு சைக்கிள் விழுந்து கிடந்தது. கரியரில் கொப்பிகள் கட்டியபடியே இருந்தன. ஒரு வாகனம் பிரதான வீதிப் பக்கம் திரும்பிப் போவதைக் கண்டேன். அது எந்தப் பக்கம் திரும்பியது என்றும் கண்டேன். சைக்கிள் ஆருடையது என்றும் எனக்குத் தெரியும். பின்னேரம் அந்த அண்ணாவின் அம்மா வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தா. எங்கள் படலைக்கு வந்தபோது நான் முற்றத்தில் நின்றேன். எனக்குப் பின்னால், கதவு நிலையில் அப்பா.

"தம்பி, காலமை போகேக்கை அண்ணாவைக் கண்டனியே?"

"காணேல்லை, அன்ரி."

அவ இன்னுமொரு தரம் கேட்டா. நானும் இன்னுமொரு தரம் சொன்னேன். அந்த அண்ணா வரவில்லை. அன்ரியும் இப்போது இல்லை. அவ இருந்த காலமெல்லாம் கோயிலில், கடையில், சங்கக்கடை வரிசையில் கண்டிருக்கிறேன். அவ என்னைப் பார்த்துச் சிரிப்பா. வாகனம் திரும்பிய திசை தெரிந்திருந்தால் அவவால் என்ன செய்திருக்க முடியும் என்று நான் எனக்கே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். எங்கள் மொழியில் 'காணேல்லை' என்று ஒரு சொல். 'காணாமல் போனவர்' என்று ஒரு சொல். இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. அதை யோசிக்காமல் எனக்கு அந்த வினைச்சொல்லை எழுத வருவதில்லை.

ஒரு விளையாட்டையும் ஒரு உயிரையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று எவரும் எண்ணவேண்டாம். வைக்கவில்லை. ஆனால் நடுவர் கதிரை ஏன் எனக்கு அவ்வளவு தேவைப்பட்டது என்பது அந்த இரவில்தான் விளங்கியது. கண்டதைக் கண்டேன் என்று உரத்துச் சொல்லுகிற ஒரு வேலையை நான் இருபத்தைந்து வருடமாகத் தேடியிருக்கிறேன். 'காணேல்லை' என்ற சொல்லை இனி வாழ்க்கையில் சொல்வதில்லை என்று எனக்குத் தெரியாமலே ஒரு சபதம் எடுத்திருக்கிறேன். அதனால்தான் உண்மையாகவே காணாத அந்த ஒரு விநாடியிலும் அதைச் சொல்ல முடியாமல் போனது. பதின்மூன்று வயதில் கண்டதைக் காணவில்லை என்றேன். நாற்பது தாண்டிக் காணாததைக் கண்டேன் என்றேன். இரண்டு தரமும் கேட்டவர் என்னை நம்பினார்.

இயந்திரத்தின் மௌனம்

2025இல் விம்பிள்டன் கோட்டு நடுவர்களை முற்றாக நீக்கிவிட்டு மின்னணு முறைக்குப் போனது. அவுஸ்திரேலிய ஓப்பனும் அமெரிக்க ஓப்பனும் ஏற்கனவே போய்விட்டன. களிமண் தடத்தை நம்பி பிரெஞ்சு ஓப்பன் மட்டும் மனிதரோடு நிற்கிறது. இனி உங்களுக்கு வேலையில்லை என்று கோர்ட்டில் பலர் என்னிடம் சொன்னார்கள். அவர்களுக்கு நான் அந்த வருட விம்பிள்டனின் நான்காவது சுற்று ஆட்டம் ஒன்றைச் சொல்லுவேன். பவ்லியுசென்கோவாவும் பிரித்தானியாவின் கார்ட்டலும். முதல் செட், நாலுக்கு நாலு, பவ்லியுசென்கோவா அந்த கேமை வெல்ல ஒரு புள்ளி. கார்ட்டல் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. இயந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. கோர்ட்டின் அந்தப் பகுதிக்கான தொகுதியைத் தவறுதலாக யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, தொலைபேசியில் விசாரித்து, புள்ளியைத் திரும்ப ஆடச் சொன்னார். பவ்லியுசென்கோவா அந்த கேமை இழந்தார், ஆட்டத்தை வென்றார்.

எல்லோரும் அந்த நடுவரைத் திட்டினார்கள், தன் கண்ணால் கண்டதை ஏன் சொல்லவில்லை என்று. அது நியாயமான கேள்வி. என்னைத் தைத்தது வேறொன்று. டெனிஸில் சத்தம் வராவிட்டால் பந்து நல்லது என்று அர்த்தம். கண் மூடியிருந்த இயந்திரத்தின் மௌனமும், கண் திறந்திருந்த இயந்திரத்தின் மௌனமும் கேட்பவருக்கு ஒன்றுதான். 'நான் காணவில்லை' என்று சொல்ல அதற்கு ஒரு வழி இல்லை. கைகளை முகத்துக்கு முன்னால் தூக்க அதற்குக் கையில்லை. எனக்கு இருந்தது.

அதற்குச் சில மாதத்துக்கு முன்னர்தான் நான் அந்தக் கைகளை முதன்முதலாகத் தூக்கியிருந்தேன். பங்குனி மாதத்துப் பின்னேரம், பெடியங்களின் ஆட்டம். மதிலுக்கு மேலால் சாய்ந்த வெயில் நேரே கண்ணுக்குள் அடித்தது. சேர்வ் நடுக்கோட்டுப் பக்கம் விழுந்ததோ வெளியே விழுந்ததோ தெரியவில்லை. நெஞ்சு அடித்த அடி எனக்கே கேட்டது. கைகள் இரண்டும் எழும்பின. அறிவிப்பு எல்லாம் ஆங்கிலத்தில் சொல்லுகிற எனக்கு வாயில் வந்தது தமிழ். "நான் காணேல்லை. திருப்பி விளையாடுங்கோ."

கம்பிவலைக்குப் பின்னாலிருந்து ஒரு தகப்பன் சத்தம் போட்டார். "காணாட்டி உந்தக் கதிரையிலை என்னத்துக்கு இருக்கிறீர்?" அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் காணவில்லை என்று சொல்லுகிறவர் இறங்கத்தான் வேண்டும். அந்தப் பருவம் முழுவதிலும் நான் அதைச் சொன்னது மூன்று தரம். இப்போது அட்டையின் மேலும் கீழும் இரண்டு கிளிப், அதற்கு மேல் உடுப்புக் கொடியில் கொழுவுகிற கிளிப் ஒன்று. வெயில் சாயும் நேரத்தில் கதிரையை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்கிறேன். காணாமல் விடக்கூடாது என்பதற்கு என்னென்ன செய்யலாமோ அவ்வளவும் செய்கிறேன். அந்தப் பெடியங்கள் இருவரும் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒருவன் பந்தை இரண்டு தரம் தட்டிவிட்டுத் திரும்ப சேர்வ் செய்தான்.

தும்புத்தடி

போன மார்கழியில், மழை விட்ட ஒரு காலை, பின்னல் பிள்ளையைக் கோர்ட்டில் கண்டேன். இப்போது பின்னல் இல்லை, தலைமயிரை உயர்த்திக் கட்டியிருந்தாள். உயர்தரம் படிக்கிறாளாம். பின்கோட்டில் தேங்கி நின்ற தண்ணீரைத் தும்புத்தடியால் தள்ளிக்கொண்டிருந்தாள். நானும் ஒன்றை எடுத்து எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளினேன். வலையடியில் இருவரும் சந்தித்தோம். ஒன்றரை வருடமாக மனதுக்குள் எழுதி வைத்திருந்த பேச்சில் ஒரு வசனமும் வரவில்லை.

"பிள்ளை, அண்டைக்கு அந்தப் பந்தை நான் காணேல்லை."

எந்தப் பந்து என்று அவள் கேட்கவில்லை.

"கண்டனான் எண்டுதானே சேர் சொன்னனீங்கள். நாலு விரலும் காட்டினீங்கள்."

"ஓம். பொய் சொன்னனான். காத்துக்கு அட்டையைப் பிடிக்கக் குனிஞ்சிட்டன். அது உள்ளையோ வெளியிலையோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது."

அவள் தும்புத்தடியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தூரத்துப் பக்கக்கோட்டைப் பார்த்தாள். பந்து அங்கே இன்னும் கிடக்கிறதுபோல. கனநேரம் பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது அவளே கேட்டாள்.

"காணாட்டி என்ன செய்யிறது சேர்? ரீப்ளேயோ?"

"ஓம்."

"செக்கண்ட் சேர்விலையிருந்தோ?"

"இல்லைப் பிள்ளை. முழுப் பொயின்ட்டும் திரும்ப. ஃபேர்ஸ்ட் சேர்விலையிருந்து."

"ஃபேர்ஸ்ட் சேர்வ்..." என்றாள், எனக்கு இல்லை, தனக்கு. பிறகு என்னைப் பார்த்தாள். "அண்டைக்கு வலப்பக்கத்திலை எனக்கு ஃபேர்ஸ்ட் சேர்வ் எல்லாம் விழுந்தது சேர். அது ஒண்டுதான் போகேல்லை."

தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு பின்கோட்டுக்குப் போனாள். மிச்சத் தண்ணீரைக் கோட்டுக்கு வெளியே தள்ளத் தொடங்கினாள்.